டீசல் தீர்ந்தால் எவ்வளவு தூரம்

அந்தோணி பிரபு புது வண்டி எடுத்த சேதி அமலதாசின் காதுக்கு மூன்று வாய் வழியாக வந்தது. மாமியார் அக்னஸ் விழுப்புரத்திலிருந்து போனில் சொன்னார். மனைவி ரோஸ்லின் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே சொன்னாள். மூன்றாவதாகத் திண்டிவனம் டாக்ஸி ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாதுரை சொன்னார். வண்டி என்ன நிறம், எத்தனை பேர் உட்காரலாம் என்று மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான்: ஹைபிரிட்.

"ஒன் சகல ஹைபிரிட்டு எடுத்துட்டானாமே. நீ இன்னும் இந்த டப்பாவயே உருட்டிக்கினு இரு" என்றார் அப்பாதுரை.

அமலதாஸ் சிரித்தான். வயிற்றுக்குள் பச்சை மிளகாயை நசுக்கித் தேய்த்தது போல இருந்தது.

அவன் கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் திண்டிவனத்துக்கு ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, எண்ணெயில் குளித்து, பிறகு டிரைவராகி, இப்போது சொந்தமாக ஒரு பழைய வெள்ளை டாக்ஸி. வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும், யாராவது "நீ எந்த ஊரு?" என்று கேட்டால் இன்னும் பேச்சை மாற்றிவிடுவான். இந்தப் பக்கத்தில் அவன் கால் ஊன்றி நின்றது இரண்டே இடத்தில்தான். ஒன்று அந்த டாக்ஸி. இன்னொன்று, அக்னஸ் வீட்டின் பெரிய மாப்பிள்ளை என்கிற பேர்.

அந்தப் பேருக்கு ஒரு காரணம் இருந்தது. மாமனார் மகள்கள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். 2011இல் இரண்டாவது மகள் இருதயசெல்விக்கும் அந்தோணி பிரபுவுக்கும் கல்யாணம் நடந்தபோது, பெண்ணைத் தன் டாக்ஸியில் உட்கார வைத்து மாதா கோயிலுக்கு ஓட்டிப்போனவன் அமலதாஸ். வாசலில் கதவைத் திறந்து, கையைப் பிடித்து, பீடம் வரை அப்பா ஸ்தானத்தில் நடத்திக் கூட்டிப்போனவனும் அவன்தான். அன்றிலிருந்து அக்னஸ் அதை வீட்டு வழக்கமாகவே ஆக்கிவிட்டார். "பொண்ண வண்டில கூட்டிக்கினு வர்றவரு கையப் புடிச்சிதான் உள்ள போவணும். நடுவுல கை மாத்தக் கூடாது. மாத்தினா நல்லதில்ல."

கடைசி மகள் ஜெசிந்தாவுக்கு 2017 பிப்ரவரியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை திண்டிவனம். கல்யாணமும் திண்டிவனத்துக் கோயிலில்தான். அமலதாஸ் பொங்கலுக்கே டாக்ஸியின் சீட்டுக்கு வெள்ளைத் துணி உறை தைக்கக் கொடுத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹைபிரிட் வந்தது.

வண்டியை மந்திரிக்க விழுப்புரம் கோயில் வளாகத்தில் நிறுத்தியிருந்தார்கள். பங்குசாமியார் தீர்த்தம் தெளித்தார். பின்பக்கக் கதவில் வெள்ளி எழுத்தில் ஒட்டியிருந்த 'ஹைபிரிட்' என்ற பேரின் மேல் இரண்டு சொட்டு விழுந்து மின்னியது. அமலதாசுக்குக் கண்ணைப் பறித்தது அந்த இரண்டு சொட்டுதான்.

பிரபு புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கண்டமங்கலத்தில் வீடு. வாய் கொஞ்சம் நீளமே தவிர வஞ்சகம் இல்லாதவன். அமலதாசைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கோயில் கேட் வரை ஓட்டினான். கேட்டில் நின்றதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தான். இஞ்சின் சத்தம் பொசுக்கென்று அடங்கியது.

"பாத்தீங்களாண்ணே? இஞ்சினே ஓடல. ஆனா வண்டி நிக்குது!"

"நிக்கிற வண்டிக்கு இஞ்சின் எதுக்கு பிரபு?"

பின்சீட்டில் இருந்த செல்வி குபீரென்று சிரித்துவிட்டாள். பிரபுவும் சிரித்தான். ஆனால் அவன் கிளட்ச்சை மிதித்ததும் ஒரு கனைப்பும் இல்லாமல், பூனை எழுந்து நடப்பது போல இஞ்சின் உயிர்பெற்றபோது, சிரிக்காமல் இருந்தது அமலதாஸ் மட்டும்தான். அவனுடைய டாக்ஸி காலையில் கிளம்புவதற்கு மூன்று முறை இருமும்.

மத்தியானம் சாப்பாட்டில் அக்னஸ் மெதுவாக ஆரம்பித்தார்.

"பெரிய மாப்ளே, ஜெசிந்தா பிரபு வண்டியில வரட்டுமே. புது வண்டி. ஏசி நல்லா இருக்குது. பொண்ணு மூஞ்சில பவுடர் கரையாது பாருங்க."

"அதுக்கென்னா அத்தே. தாராளமா" என்றான் அமலதாஸ்.

வண்டி போனால் கையும் போகும். அதை அக்னஸ் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ரசத்தில் புளி கூடிவிட்டது என்று மட்டும் ரோஸ்லினிடம் எரிந்து விழுந்தான். ரசம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாளே விழுப்புரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் சீனுவாசனைத் தேடிப் போனான். இருவரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். அதே மாதிரி வண்டி ஒன்று பானெட் திறந்து நின்றது.

"சீனு, இதுல ஹைபிரிட்டு எங்கடா இருக்குது?"

சீனுவாசன் பெல்ட் ஓடும் பக்கம் விரலைக் காட்டினான். "தோ, இதான். ஸ்டார்ட்டர் மோட்டாரு, டைனமோ, ரெண்டும் ஒரே டப்பால. நின்னா இஞ்சின நிறுத்தும், மறுபடி எழுப்பும். பிரேக் அடிச்சா வீணாப் போறதப் புடிச்சி பேட்டரில போட்டுக்கும். மேட்டுல, பிக்கப்புல இஞ்சினுக்குக் கொஞ்சம் கை குடுக்கும்."

"வெறும் பேட்டரில ஓடாதா?"

"ஓடாது. இப்பிடி வச்சிக்க. ரெண்டு மாடு பூட்டின வண்டின்னா, ஒரு மாடு படுத்துட்டாலும் இன்னொண்ணு இழுக்கும். அந்த மாரி ஹைபிரிட்டும் இருக்குது, அது வேற வண்டி. இது ஒத்தமாட்டு வண்டி. மேடு வந்தா பின்னால ஒருத்தன் தள்ளி விடறான், அவ்ளோதான்."

"அப்ப இது ஹைபிரிட்டே இல்லன்னு சொல்லு!"

சீனுவாசன் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தான். "தள்ளி விடறவனும் வேலதான செய்யறான்? மாடு கொஞ்சம் கம்மியாத் திங்கும். வண்டி வாங்கனவனுக்கு அது போதும். ஒனக்கு எதுக்குடா இந்த பேஜாரு?"

அன்று திண்டிவனம் வரும் வரை அமலதாஸ் ஹார்னில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தான்.

"ரோஸு! ஒந்தங்கச்சி வீட்டுக்காரு வண்டி பேருக்குத்தான் ஹைபிரிட்டு. டீசல் தீந்துதுன்னா ஒரு அடி நகராது. பேட்டரில ஓட்றேன் பேட்டரில ஓட்றேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறான்!"

ரோஸ்லின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவருகிட்ட சொல்லுங்க. எங்கனா நின்னுடப் போறாரு."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லத்தான் நினைத்தான். சந்தர்ப்பமும் தானாக வந்து மடியில் விழுந்தது.

கோயிலில் ஜெசிந்தாவுக்கு இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். பூசை முடிந்து அக்னஸ் வீட்டு முன்னால் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரபு வண்டிப் பெருமையில் இருந்தான். திடீரென்று திரும்பி அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்.

"அண்ணே, நீங்க மெக்கானிக்கா இருந்தவரு. டீசல் சுத்தமாத் தீந்துட்டா, பேட்டரிலயே எவ்ளோ தூரம் ஓடும்? ஒரு முப்பது கிலோமீட்டர் ஓடுமா?"

எல்லாத் தலையும் அமலதாஸ் பக்கம் திரும்பியது. ஓடாது என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. அப்போது ஜெசிந்தா உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு வந்து முதல் டம்ளரைப் பிரபுவிடம் நீட்டினாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் முதல் டம்ளர் அமலதாசுக்குத்தான்.

"அதுக்குத்தான பிரபு அதுக்குப் பேரு ஹைபிரிட்டு" என்றான்.

"பாத்தீங்களா!" என்று பிரபு தொடையைத் தட்டினான். "கம்பெனில ஒருத்தன் நம்ப மாட்றான்."

காப்பி அமலதாசுக்கு இரண்டாவதாக வந்தது. வாசல்படியில் நின்றிருந்த ரோஸ்லின் அவனையே பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், மயிலம் ரோடு பிரியும் இடத்தில், "போன்லயாவது சொல்லிடுங்க" என்றாள்.

"தமாசுக்குச் சொன்னதுடி. அவனே கண்டுபுடிச்சிக்குவான்."

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கே சொந்தக்காரர்களின் வேன் விழுப்புரத்திலிருந்து கிளம்பிவிட்டது. பெண் வண்டிக்கு ரோஜாவும் ரிப்பனும் கட்டும் வேலை அமலதாஸ் தலையில் விழுந்தது. அதற்கென்று தைத்த வெள்ளை உறை அவன் டாக்ஸியில் சும்மா கிடந்தது. ஜெசிந்தா வருவதற்குள் உள்ளே குளிரட்டும் என்று ஏசி போடச் சாவியைத் திருப்பினான். மீட்டரில், டீசல் குறைந்தால் எரியும் பங்க் படம் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. முந்தின நாள் முழுக்கப் பிரபு புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பூ, பாத்திரம், கேக் என்று அலைந்தவன். எப்போதிலிருந்து எரிகிறதோ.

இன்னும் நாற்பது ஓடலாம். பத்தும் ஓடலாம். திண்டிவனம் முப்பத்தேழு கிலோமீட்டர்.

"இன்னா அப்பிடி பாக்கறீங்க?" ரோஸ்லின் பின்னால் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. ரிப்பன் கோணலா இருக்குது."

ஏதோ ஒரு பங்க்கில் அவனே நிறுத்துவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது நடக்கக் கூடாது என்றும் ஒரு மூலையில் ஆசைப்பட்டான். அந்த மூலையை அவனுக்குத் தெரியும். பல நாளாக அங்கேதான் குடியிருந்தான்.

பிரபு, செல்வி, ஜெசிந்தா மூவரும் முன்னால் ஹைபிரிட்டில். அமலதாஸ், ரோஸ்லின், அக்னஸ் பின்னால் டாக்ஸியில். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் பிரபு வண்டி இஞ்சின் அணைந்து அணைந்து எழுந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பிரபு கட்டை விரலைக் காட்டினான். டோலைத் தாண்டி ஒரு பங்க் வந்தது. போயிற்று. இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று. ஹார்ன் அடித்து ஓரம் கட்டச் சொல்லலாம். அமலதாசின் கட்டை விரல் ஹார்ன் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் முன்னால் போன வண்டி ஒரு தரம் குலுங்கியது, மறுபடி குலுங்கியது, பிறகு ரிப்பன் தளர்ந்து தொங்க, ஓரத்துக்கு வந்து நின்றது.

மணி ஒன்பது இருபது. பத்து மணிக்குப் பூசை. பதினொன்றரைக்கு அதே கோயிலில் வேறு கல்யாணம் இருக்கிறது, தாமதம் கூடாது என்று சாமியார் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

பிரபு சாவியைத் திருப்பு திருப்பென்று திருப்பினான். மோட்டார் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. "பேட்டரி ஃபுல்லாக் காட்டுதே! ஏன் அதுக்கு மாற மாட்டுது?" என்றான். அவன் முகத்தில் ஏமாற்றம் கூட இல்லை. கணக்கில் விடை வராத பிள்ளையின் குழப்பம்தான் இருந்தது. "அண்ணே, ஓடும்னு நீங்கதான சொன்னீங்க?"

அமலதாஸ் வாயைத் திறப்பதற்குள் அக்னஸ் குறுக்கே விழுந்தார். "ஏம்பா, அவரு பழைய டாக்ஸி ஓட்டறவரு. புது வண்டியப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்? அவரப் போயி கேட்டியே!"

காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் செருப்பால் அடித்திருந்தால் அமலதாசுக்கு இவ்வளவு வலித்திருக்காது. தெரியாதவன் என்று ஒத்துக்கொண்டால் தப்பிக்கலாம். தெரியும் என்றால் எல்லாம் வெளியே வரும். அவனுக்குத் தெரியும் என்பது அங்கே தெரிந்த ஒரே ஆள் ரோஸ்லின். அவள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள்.

"பெரிய மாப்ளே, ஜல்தி! உங்க வண்டியிலயே போயிடலாம்" என்றார் அக்னஸ்.

"ஆமாண்ணே, நீங்க கூட்டிக்கினு போங்க. நான் இத பாத்துக்கறேன்" என்றான் பிரபு.

ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. ஜெசிந்தா இறங்குவதற்குக் கையை நீட்டினாள். அமலதாஸ் பிடித்தான். "மாமா, லேட்டாயிடுமா மாமா?" என்றாள். கண்மை கலங்கத் தயாராக இருந்தது. பிரபு வண்டியின் ஏசியில் கூட அவள் பவுடர் கரைந்துதான் இருந்தது.

டாக்ஸியின் பின்கதவைத் திறந்து உட்கார வைத்தான். வெள்ளை உறை மேல் வெள்ளைச் சேலை. தைக்கக் கொடுத்த நாளிலிருந்து அவன் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான். ஆனால் நிமிர்ந்தபோது ரோஸ்லின் எதிரே நின்றாள்.

"மணி ஆவுது" என்றாள். அவ்வளவுதான்.

அமலதாஸ் சாவியைப் பிரபுவின் கையில் வைத்து அழுத்தினான். "நீ ஓட்டு. செகண்டு கியரு கொஞ்சம் மொரண்டு பண்ணும், மெரட்டாதே. கையும் நீயே புடிச்சிக்கினு உள்ள போ."

"அண்ணே, நீங்க…"

"டீசல் தீந்து நின்ன வண்டில காத்து அடைச்சிக்கும். பம்ப் அடிச்சி காத்த எடுக்கணும். ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போடா!"

டிக்கியிலிருந்த காலி கேனை எடுத்துக்கொண்டான். டாக்ஸி மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பிப் போனது.

மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய ஒரு டெம்போவில் தொற்றிப் பங்க்குக்குப் போய், பைக்கில் வந்த ஒருவரின் பின்னால் உட்கார்ந்து கேனோடு திரும்பினான். டீசலை ஊற்றிவிட்டு பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பக்கத்துக் கைப்பம்பைக் கல் போல இறுகும் வரை அழுத்தினான். பட்டு வேட்டியில் கறுப்பாக இரண்டு கோடு விழுந்தது. நாலாவது தடவை இஞ்சின் பிடித்தது.

முதல் தடவையாக அந்த வண்டியை அவன் ஓட்டினான். மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும், பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்தது போல ஒரு சின்ன உந்தல். தள்ளிவிடுகிறவன். நல்ல வண்டி. அதை ஒத்துக்கொண்ட அதே நொடி வயிற்றில் பழைய மிளகாய் மறுபடி எரிந்தது. திண்டிவனம் சிக்னலில் இஞ்சின் அடங்கியது. அந்த அமைதியில் கோயில் மணி கேட்டது. பத்தரை.

அவன் உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் நின்றான். ரோஸ்லின் முன் வரிசையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். வேட்டியின் கறையைப் பார்த்தாள்.

"சோப்பு போட்டா போவாது" என்றாள்.

"தெரியும்."

சாப்பாட்டுப் பந்தியில் பிரபு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிரியாணியைக் கிளறிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அத்தை சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்பெனிக்காரன் பேரு வச்சா நாம இன்னா பண்றது?"

அங்கேயே விட்டிருக்கலாம். எலும்பை இலையோரம் வைத்துவிட்டு அமலதாஸ் சொன்னான்.

"எனக்குத் தெரியும் பிரபு. நீ கேக்கறதுக்கு முன்னாலயே தெரியும். காலைல மீட்டர்ல விளக்கு எரிஞ்சதையும் பாத்தேன்."

"அப்புறம் ஏண்ணே?"

"எரிச்சல்தான். வேற இன்னா?"

பிரபு வாயிலிருந்ததை மென்று முடித்தான். தண்ணீர் குடித்தான். பாதி இலையில் எழுந்து போய்விட்டான்.

தவக்காலம் முழுக்கப் பிரபுவிடமிருந்து போன் இல்லை. ஈஸ்டருக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. செல்வி மட்டும் அக்காவிடம் பேசினாள். அமலதாஸ் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அப்பாதுரை பேப்பரை மடித்து நீட்டினார். இந்த மாதிரித் தள்ளிவிடுகிற ரக ஹைபிரிட் வண்டிகளுக்குக் கொடுத்த சலுகையை ஏப்ரலிலிருந்து அரசாங்கம் நிறுத்திவிட்டதாகப் போட்டிருந்தது. முன்பென்றால் அந்தப் பேப்பரைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரை பறந்திருப்பான்.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. பிரபு.

"அண்ணே. கண்டமங்கலம் கேட்டுல நிக்கறேன். ரயில் இன்னும் வரல."

"சொல்லு பிரபு."

"பேப்பர்ல பாத்தேன். அப்ப என் வண்டி ஹைபிரிட்டா, இல்லையா? இந்தத் தடவயாவது நெசத்த சொல்லுங்க."

இல்லை என்று சொல்ல நாக்கு இப்போதும் துடித்தது. அந்த நாக்கை அமலதாஸ் ஒரு நொடி பல்லுக்குள் வைத்துக்கொண்டான்.

"ஹைபிரிட்டுதான். தனியா இழுக்காது. மேட்டுல தள்ளி விடும். டீசல் கொஞ்சம் மிச்சமாவும். அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்காத."

"அப்ப அந்தப் பேர சொரண்டிடவா?"

"இருக்கட்டும்டா. சாமியாரு தீர்த்தம் தெளிச்ச பேரு. ஓட்டிப் பாத்தேன், நல்ல வண்டிதான். எனக்கே ஒண்ணு வேணும் போல இருந்துது."

அந்தப் பக்கம் ரயில் தடதடத்துப் போயிற்று.

"இப்ப மீட்டர்ல விளக்கு எரியுதுண்ணே" என்றான் பிரபு.

"எத்தன நாழியா?"

"வில்லியனூரு தாண்டினதுல இருந்து."

"அப்ப பேசிக்கினே இருக்காத! கேட்டத் தாண்டுன உடனே மொத பங்க்குல நிறுத்து" என்று அமலதாஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.